கனகபாய் டீச்சரும் மெட்ராஸ்காரியும்

அஜிதாவின் பழைய போனுக்குள் ஒரு பெண் குடியிருந்தாள். மணி எத்தனை, கூப்பிடுவது யார், மருந்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எந்தப் பாடம் என்று எட்டு வருஷமாக அவள்தான் அஜிதாவுக்கு எல்லாம் படித்துச் சொன்னாள். நல்ல அழுத்தமான குரல், கொஞ்சம் மூக்கடைப்பு, முற்றுப்புள்ளி வந்தால் மரியாதையாக நின்று, பிறகு புறப்படுவாள். நாலாம் வகுப்பில் அஜிதாவுக்குப் பாடம் எடுத்த கனகபாய் டீச்சரும் அப்படித்தான் வாசிப்பார். அதனால் போனுக்குள் இருந்தவளுக்கும் கனகபாய் டீச்சர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அஜிதாவுக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவளே அப்படித்தான் சொல்வாள். தக்கலையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் டெலிபோன் ஆப்பரேட்டர். புதிதாக வந்த டாக்டர் யாராவது விவரம் தெரியாமல் சீட்டை நீட்டினால், "சார், எனக்கு கண்ணு தெரியாது. வாயால சொல்லுங்க, நான் ஒங்களவிட வேகமா டைப் அடிப்பேன்" என்பாள். அது வெறும் பேச்சில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு வருஷம் தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள். அப்போது கண் இருந்தது.

கண் ஒரே நாளில் போய்விடவில்லை. சின்ன வயதில் மாலைக்கண் என்றார்கள். பிறகு பக்கவாட்டில் நிற்பவர்கள் மறைந்தார்கள், பிறகு படிக்கட்டு மறைந்தது, இருபத்தெட்டு வயதில் எல்லாமே மறைந்தது. அவள் கடைசியாக நன்றாகப் பார்த்த முகங்கள் இரண்டு. ஒன்று மகள் ஜினிஷாவின் நாலு வயது முகம். இன்னொன்று கணவன் டென்னிசனின் முப்பத்திரண்டு வயது முகம். இப்போது ஜினிஷா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். டென்னிசனுக்கு முன்தலை நன்றாக ஏறிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அஜிதாவைப் பொறுத்தவரை அவனுக்கு இன்னும் நெற்றியில் விழும் சுருட்டை முடி உண்டு. யார் என்ன சொன்னாலும் அவள் ஒத்துக்கொள்வதாக இல்லை.

டென்னிசன் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருஷமாகிறது. வருஷத்துக்கு நாற்பது நாள் லீவில் வருவான். நல்லவன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுப்பதற்கு மரச்சீனிக் கிழங்கு பிடுங்குவதுபோல இரண்டு ஆள் சேர்ந்து இழுக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடுவான். "சாப்பிட்டியா? மழை உண்டா? அம்மைக்கு மருந்து குடுத்தியா? செரி, வைக்கேன்." அவ்வளவுதான். அம்மை என்றது வீட்டில் இருக்கும் அவன் தாயாரை.

ஒன்றே ஒன்று. மெசேஜ் அனுப்பினால் தமிழ் எழுத்திலேயே அனுப்புவான். ஊரில் எல்லோரையும்போல இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தால், கனகபாய் டீச்சர் அதைச் சுடுகஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல வாசித்துத் தொலைப்பார். அது தெரியவந்த நாளிலிருந்து அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தமிழில் அடித்தான். "பார்சல் விட்டாச்சு." "பஸ்ஸில பாத்து ஏறு." இந்த ரெண்டு வரிக்கு அவன் எவ்வளவு நேரம் தடவியிருப்பான் என்று டைப்ரைட்டிங் டீச்சருக்குத் தெரியாதா?

அஜிதாவுக்கு உயிர் என்று சொன்னால் அது சபையில் வேதபாடம் வாசிப்பதுதான். பத்து வயதில் புன்னவிளை ஆலயத்தில் ஸ்டூல் போட்டு ஏற்றி வாசிக்கவைத்தார்கள். அன்றைக்குப் பிடித்த ருசி. கண் போனபிறகு எட்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தக்கூடாத இடத்தில் யாராவது நிறுத்தினால் அவளுக்கு நாக்கு துடிக்கும். நடுவில் போன் வந்தது, கனகபாய் டீச்சர் வந்தார், ஒரு வருஷம் பழகி அஜிதா மறுபடியும் மேடை ஏறினாள்.

அவள் வாசிக்கும் விதமே தனி. மேடையில் வேதம் திறந்திருக்கும். அதன்மேல் போன். இடது காதில் ஒயர். தலையில் முக்காடு போட்டிருப்பதால் வெளியே தெரியாது. டீச்சர் காதில் சொல்லச் சொல்ல, அரை மூச்சு பின்னால் இவள் வாயால் சொல்லிக்கொண்டே போவாள். காது அடுத்த வரியைக் கேட்கும்போது வாய் முந்தின வரியைச் சொல்லும். நடுவில் யோசிக்க நேரம் கிடையாது, யோசித்தால் தொலைந்தது. காதில் விழுவது அப்படியே வாயில் வந்துவிட வேண்டும். மேடை ஏறுமுன் ஒரு காரியம் தவறாமல் செய்வாள். போனில் விமானப் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டல்லவா, அதைத் தட்டுவாள். தட்டினால் வரும் அழைப்பு, மெசேஜ், நெட் எல்லாம் மொத்தமாக அடங்கி, டீச்சர் மட்டும் பேசுவார். ஏழு வருஷத்தில் ஒரு எழுத்து பிசகியதில்லை.

அந்தக் கனகபாய் டீச்சருக்குத்தான் இந்த வருஷம் திக்க ஆரம்பித்தது. ஒரு சொல்லை மூன்று தடவை சொன்னார். நடுவில் மயங்கினார். பிறகு போனின் முதுகு வீங்கி, மூடி வாய் பிளந்தது. மாமியார் எலிசா அதைப் பார்த்துப் பயந்துபோய், "ஏ பிள்ளே, இது வெடிச்சிரும். சவத்த தூரக் கொண்டு போடு" என்று கத்தினாள். எலிசாவுக்குக் காது மந்தம். அவள் பேசினால் எப்போதும் கத்தல்தான்.

விஷயம் மஸ்கட்டுக்குப் போனது. பத்தாம் நாள், லீவில் வந்த கூட்டாளி ஒருவன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஐபோன்.

"கிட்டிச்சா?" என்றான் டென்னிசன் அன்றைக்கு ஆறரை மணிக்கு.

"கிட்டிச்சு. எதுக்கு இது? பழசுமாதிரி ஒண்ணு வாங்கினா போராதா? பின்னால போறதுக்கு பட்டன்கூட இதில இல்ல."

"ஆப்பிளாக்கும். கண்ணு தெரியாதவங்களுக்கு இதுதான் நல்லதுண்ணு இஞ்ச ஒரு ஆளு சொன்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"மழை உண்டா?"

"இல்ல."

"செரி, வைக்கேன்."

அஜிதா அன்றைக்கு அழுதாள். விலை உயர்ந்த போன் வந்ததற்கு யாராவது அழுவார்களா என்று கேட்கலாம். எட்டு வருஷமாக விரலுக்குப் பழகியிருந்த வழி எல்லாம் ஒரே மத்தியானத்தில் அடைபட்டுப்போனது. எந்த மூலையில் எது இருக்கும், எப்படித் தள்ளினால் எது வரும் என்று ஒன்றும் தெரியவில்லை. யாருடைய நம்பரைத் தேடினாலும் வேறு எங்கோ போய் நின்றது. இரண்டாம் தடவையாகக் கண் போனதுபோல இருந்தது அவளுக்கு. முதல் தடவையாவது பையப் பையப் போனது.

புதிய போனுக்குள்ளும் ஒருத்தி இருந்தாள். வழவழப்பான குரல், எதைச் சொன்னாலும் லேசாகச் சிரித்துக்கொண்டே சொல்வதுபோல ஒரு தினுசு, முற்றுப்புள்ளிக்கு நிற்கப் பொறுமை கிடையாது. அஜிதா அவளுக்கு மெட்ராஸ்காரி என்று பெயர் வைத்தாள். அது பாராட்டாக வைத்த பெயர் அல்ல.

கடைசியில் தாணுலிங்கம் அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். நாகர்கோவிலில் ஒரு வங்கியில் அவரும் டெலிபோன் ஆப்பரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாதவர். மாவட்டத்தில் கண் தெரியாதவர்கள் யார் போன் மாற்றினாலும் அவருக்குத்தான் முதல் அழைப்பு போகும். நேரில் வரமாட்டார், எல்லாம் போனிலேயே சொல்லிக்கொடுப்பார்.

"அஜிதா டீச்சரே, பழைய போன மனசில இருந்து இறக்கி வச்சிரணும், கேட்டேளா? அதில ரெண்டு வெரலால தள்ளுனேள்லா, இதில மூணு வெரல். பின்னால வரணும்னா, ரெண்டு வெரலால கண்ணாடி தொடைக்குத மாதிரி இப்படியும் அப்படியும் தேய்க்கணும். வேகத்த கொறைக்கணும்னா, ரெண்டு வெரல வச்சு ரேடியோ குமிழ் திருகுத மாதிரி ஒரு திருகு."

"அண்ணாச்சி, இது போனா, பரதநாட்டியமா?"

"சவம், அப்பிடித்தான் இருக்கும். நானும் மொத வாரம் அழுதவன்தான். பொறவு பாருங்கோ, யாரு புடுங்குனாலும் குடுக்க மாட்டேள்."

மூன்று விரல், இரண்டு விரல், திருகு, தேய்ப்பு என்று இரண்டு வாரம் போனது. ஒருநாள் எலிசா பக்கத்தில் வந்து நின்று, "போனு செத்துப் போச்சே பிள்ளே! கறுத்துக் கெடக்கு" என்றாள். அஜிதா அப்போது அதில் ஆஸ்பத்திரிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலையிடத்தில் நர்சும் அதையே சொன்னாள். பஸ்ஸில் கண்டக்டர்கூடச் சொன்னார். எல்லோருக்கும் செத்துப்போன போன் அவளிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு வெரலால மூணு தட்டு தட்டியிருப்பேள். அது திரைய மூடுத வழியாக்கும். ரெண்டு நாளா மூடி வச்சே ஓட்டியிருக்கேளே! அப்பிடியே விடுங்கோ. நமக்கு எதுக்கு வெளிச்சம்? சார்ஜ் மிச்சம்."

அஜிதாவும் சிரித்தாள். போன் வந்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். திரையை அவள் அப்படியே கறுப்பாக விட்டுவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ரசலையன் சார் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக்குச் செயலாளர். ஆள் கண்டிப்பு, ஆனால் மனசில் கள்ளம் கிடையாது. தனி ஆளையும் பிள்ளைபோல 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்.

"மக்களே, வாற ஞாயிறு பிரதிஷ்டைப் பண்டிகை. ஆலயம் கட்டின அதிகாரம் முழுசும் வாசிக்கணும், முப்பத்தெட்டு வசனம். இந்த வருஷம் புதுசா நேரலையும் வச்சிருக்கு. வெளிநாட்டில உள்ள நம்ம பிள்ளைகளெல்லாம் பாக்கும். வெளிய இருந்து மூணு போதகர்மாரு வாறாங்க. நீ போன மாத்திட்டியாம், இன்னும் பழகல்லியாம். ஒரு பிசகு வந்தா ஒனக்குத்தான் நாணக்கேடு. இந்த ஒரு தடவ வேற ஆளு வாசிக்கட்டுமா?"

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் 'இந்த ஒரு தடவை' என்பது எங்கே போய் நிற்கும் என்று அஜிதாவுக்குத் தெரியும். எட்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவள் அல்லவா? அவளுக்குச் சுருக்கென்றது.

"சார், ஏழு வருஷமா ஒரு எழுத்து பிசகல்ல. ஞாயித்துக்கிழம பாடத்தில ஒரு பிழ விட்டேண்ணா, அதோட நான் மேடை ஏற மாட்டேன். நீங்க கூப்பிடவும் வேண்டாம், நான் கேக்கவும் மாட்டேன்."

"அப்பிடியெல்லாம் சொல்லாத மக்களே."

"சொன்னது சொன்னதுதான் சார்."

அவர் போனபிறகு அவளுக்கே பயமாக இருந்தது. வாய்க்கொழுப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் சாலொமோன் ராஜா ஆலயம் கட்டிக்கொண்டே இருந்தார். மெட்ராஸ்காரியின் வேகத்தைத் திருகித் திருகிக் குறைத்து, மூச்சு விடும் இடங்களைப் பிடித்து, அஜிதா முப்பத்தெட்டு வசனத்தையும் இருபது தடவையாவது வாசித்திருப்பாள். சனிக்கிழமை ஆலயத்துக்கே போய் மேடையில் நின்று பார்த்தாள். நேரலைக்காகப் போட்டிருந்த வைஃபையில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டாள். ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலிசா பீரோவைத் திறந்துகொண்டு, "எந்தச் சேல பிள்ளே?" என்று கத்தினாள்.

"எதாவது எடுங்க அம்ம. எனக்கு எல்லாம் ஒண்ணுதான."

"பச்சய உடுத்து. டென்னி கொண்டு வந்தது."

ஆலயம் நிரம்பியிருந்தது. வெளியே பந்தலில் நாற்காலி இழுக்கும் சத்தம், பாடகர் குழுவான கொயரில் யாரோ இருமும் சத்தம், புதுச்சேலைகளின் சரசரப்பு. ரசலையன் சார் அருகில் வந்து, "போனில மணி ஒண்ணும் அடிக்காதுல்லா மக்களே? ஆமா, கறுப்பாத்தான் இருக்கு" என்று தானே கேட்டுத் தானே சமாதானமாகிப் போனார். அஜிதா விமானப் படத்தைத் தட்டினாள். பெஞ்சிலிருந்து பன்னிரண்டு எட்டு நடந்து, இரண்டு படி ஏறி, வேதத்தின்மேல் போனை வைத்தாள்.

முதல் வசனம் முடிந்ததும் ஆலயம் அமைதியானது. மெட்ராஸ்காரி அன்றைக்குத் தங்கமாக நடந்துகொண்டாள். நின்று நிதானித்துச் சொன்னாள். ஆலயத்தின் நீளம் எத்தனை முழம், அகலம் எத்தனை முழம் என்று அவள் காதில் சொல்ல, அஜிதா வெளியே சொல்ல, இருவரும் ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தார்கள். பதினாறு, பதினேழு, பதினெட்டு. உள்ளே கேதுருப் பலகை அடித்தாயிற்று. இனி பொன் தகடு பதிக்க வேண்டியதுதான்.

அப்போது அஜிதாவின் குரல் மைக்கில், அதே கம்பீரத்தோடு, அதே நிறுத்தத்தோடு சொன்னது:

"வாட்ஸாப். ஜினிஷா அப்பா. ஏட்டி, இண்ணைக்கு நீ ரொம்ப அழகா இருக்க."

'வாட்ஸாப்' வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லீபனோனுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஊர் இருந்திருக்கலாம் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். 'ஜினிஷா அப்பா' என்றதும் தலைகள் நிமிர்ந்தன. வீட்டுக்குள் பெண்டாட்டியைக் கூப்பிடும் அந்த 'ஏட்டி' வந்ததும் கொயரில் ஒருத்திக்கு மூக்கில் சிரிப்பு வெடித்தது. கடைசிச் சொல் முடிந்தபோது ஒரு நொடி ஆலயத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நொடியைப் பார்த்துத்தானா எலிசாவுக்குக் காது கேட்க வேண்டும்?

"என்னது? டென்னி வந்திருக்கானா?" என்று அவள் பெஞ்சிலிருந்து கத்தினாள்.

அதற்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. பெண்கள் பக்கம் முந்தானை வாயைப் பொத்தியது, ஆண்கள் பக்கம் பொத்தாமலே சிரித்தார்கள். வெளியூர்ப் போதகர் ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார். சபைப் போதகர் தொண்டையைச் செருமி, "அம்மா, தொடர்ந்து வாசிங்க" என்றார். அவர் குரலும் நேராக இல்லை.

அஜிதாவுக்குக் காதும் கன்னமும் பற்றி எரிந்தன. இரண்டு படியும் பன்னிரண்டு எட்டும் ஓடிப்போய்விடலாமா என்று கால் கேட்டது. ஆனால் பாடம் பாதியில் நிற்கிறதே! விரலால் ஒரு வசனம் பின்னால் தள்ளி, பிடித்து, மீதி இருந்த வசனங்களையும் வாசித்தாள். ஒரு சொல்கூடத் தவறாமல் முடித்துவிட்டுப் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். எலிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பிரசங்கம் முழுவதும் அவளுக்கு இரண்டே நினைப்பு. ஒன்று, எல்லாம் போயிற்று, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், இனி மேடை கிடையாது. இன்னொன்றை நினைக்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் அதுவே திரும்பத் திரும்ப வந்தது. அந்த வார்த்தையை அவள் கேட்டுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஜினிஷா "நீட்டா இருக்கம்மா" என்பாள். எலிசா "கரை நேரா இருக்கு" என்பாள். சட்டையில் ஊக்கு சரியாக இருக்கிறதா, பொட்டுச் சோறு எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று மற்றவர்களும் சொல்வதுண்டு. அழகு என்ற பேச்சை மட்டும் கண் போன அன்றைக்கே எல்லோரும் சேர்ந்து எடுத்து வைத்துவிட்டார்கள். டென்னிசனும்தான். தன்னை அவன் பார்ப்பதையே விட்டுவிட்டான் என்று அவள் வெகுநாள் முன்பே முடிவுகட்டி, அதோடு பழகியும் விட்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் நேராக ரசலையன் சாரைத் தேடிப் போனாள்.

"சார், சொன்னது சொன்னதுதான். இனி நான் வாசிக்கல்ல."

"ஏன்?"

"பிழ வந்துட்டுல்லா?"

"எங்க வந்து? நீ வாசிக்கும்போ நான் வேதத்த மடியில வச்சு வெரல் ஓட்டிட்டே இருந்தேன். முப்பத்தெட்டு வசனத்தில ஒரு எழுத்து பிசகல்ல. பாடத்தில பிழ விட்டா ஏற மாட்டேண்ணுதான நீ சொன்ன? நடுவில வந்தது பாடமே இல்லியே." நாற்பது வருஷம் பரீட்சைத்தாள் திருத்தியவரின் தீர்ப்பு அது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் பெண்கள் ஞாயிறுக்கும் நீதான் வாசிக்க. ஆனா ஒண்ணு, டென்னிசன்கிட்ட சொல்லி வை, ஆராதன முடிஞ்ச பெறவு அனுப்பச் சொல்லி. எனக்க வீட்டுக்காரி இப்பமே கேக்கா, நீங்க என்னைக்காவது இப்பிடி ஒரு வார்த்த சொல்லியிருக்கியளாண்ணு. நான் வீட்டுக்கு எப்பிடிப் போவேன்?"

அஜிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எப்படி நடந்தது என்று அண்ணாச்சிதான் விளக்கினார். பழைய போனில் விமானப் படத்தைத் தட்டினால் எல்லாமே அடங்கும். புதியதில் அப்படியில்லை. பாடம் இறக்கும்போது விமானப் படத்தைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஒருதடவை திறந்திருக்கிறாள். போன் அதை மனதில் வைத்துக்கொண்டது. அடுத்த தடவை விமானப் படத்தைத் தட்டினாலும் வைஃபையை அது அடக்காமல் விட்டுவிடும். அதைத் தனியாக இன்னொரு தட்டு தட்டி அணைக்க வேண்டும். "தப்பு எம்மேலதான் டீச்சரே, நான்லா சொல்லியிருக்கணும்" என்று வருத்தப்பட்டவர், கடைசியில், "ஆனாலும் நேரலைய நாலு தடவ போட்டுக் கேட்டாச்சு" என்றார்.

மேடை போகவில்லை என்று ஆனது. ஆனால் அன்றைக்கு ஆறரைக்குப் போன் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒருநாள்கூட நடந்ததில்லை. அஜிதா கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. ஜினிஷா மட்டும் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, பேச முடியாமல் சிரித்துவிட்டு வைத்தாள். ஊரே பார்த்துச் சிரித்துவிட்டதே, அவனுக்கு நாணக்கேடு ஆகிவிட்டதோ, இனி அந்த "மழை உண்டா"வும் இல்லாமல் போய்விடுமோ என்று அஜிதா பயந்தாள். பழைய போனை எடுத்துத் தடவிப் பார்த்தாள். முதுகு வீங்கிய கனகபாய் டீச்சர் எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு மணி அடித்தது.

"சாப்பிட்டியா?"

"கோவமா?" என்றாள் அஜிதா.

"எதுக்கு?"

"ரெண்டு நாளா எடுக்கல்லியே."

பதில் பையப் பைய வந்தது. ஸ்டோருக்குள் ரேக்குக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டே நேரலை பார்த்தானாம். ஆராதனை முடிந்தபிறகுதான் அவள் கேட்பாள் என்று மெசேஜைத் தட்டிவிட்டு நிம்மதியாக இருந்தானாம். நேரலை அரை நிமிஷம் பிந்தித்தான் வருமாம். அந்த அரை நிமிஷம் கழித்து, தான் எழுதியது தன் பெண்டாட்டியின் வாயிலிருந்தே மைக் போட்டுக் கேட்டபோது, டீ முழுவதும் சட்டையில் கொட்டிவிட்டதாம்.

"இஞ்ச உள்ளவனுவ எல்லாம் இப்ப என்னய ஏட்டிண்ணுதான் கூப்பிடுகானுவ. நாணமா இருந்து. அதான் எடுக்கல்ல."

அஜிதா சிரித்தாள். சிரித்து முடிந்தபிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"பதினஞ்சு வருஷமா ஏன் ஒருநாளும் சொல்லல்ல?"

இந்தத் தடவை அவள் அவசரப்படுத்தவில்லை. மஸ்கட்டில் எங்கோ ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. அது நின்றபிறகு அவன் பேசினான்.

"கலியாணம் முடிஞ்ச புதுசுல நான் சொல்லுவேன், ஓர்மை உண்டா? சொன்ன ஒடனே நீ எழும்பிப் போய் கண்ணாடி பாப்ப. சேலய சரியாக்குவ. எல்லா தடவையும். கண்ணு போன பெறவு... சொன்னா நீ கண்ணாடியத் தேடுவியோண்ணு பயம். அதான் சொல்லல்ல. பாத்துட்டுதான் இருந்தேன். சொல்லல்ல, அவ்வளவுதான்."

இத்தனை வருஷமும் இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தது இதற்காகவா! அவனைத் தப்பாக எண்ணியிருந்ததை நினைத்து அஜிதாவுக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு கண்ணாடி எதுக்கு? நீங்க பாத்துச் சொன்னா போராதா?"

"ம்."

"ம் இல்ல. சொல்லணும்."

"செரி." பிறகு, "மழை உண்டா?" என்றான்.

"இல்ல. பேசுங்க, வைக்காண்டாம்" என்றாள் அஜிதா. அன்றைக்கு இருபது நிமிஷம் பேசினார்கள். பேசியதெல்லாம் கூரை ஓடு மாற்றுவது பற்றித்தான், ஆனால் இருபது நிமிஷம்.

அடுத்த மாதம் பெண்கள் ஞாயிறு வந்தது. அஜிதா பெஞ்சில் உட்கார்ந்து விமானப் படத்தைத் தட்டினாள். அண்ணாச்சி சொன்னபடி வைஃபையைத் தனியாக இன்னொரு தட்டு தட்டி அணைத்தாள். ரசலையன் சார் நம்பாமல் நேரலைக்காரரிடம் சொல்லி வைஃபைக்குப் புது ரகசியச் சொல்லும் போட்டு வைத்திருந்தார். பாடம் ஒரு பிசகில்லாமல் முடிந்தது. சபையில் பலருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் எலிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் உடுத்தியிருந்தது மஞ்சள் சேலை; தானே தடவிப் பார்த்து எடுத்தது. ஒயரைக் காதில் சொருகி, விமானப் படத்தை மறுபடியும் தட்டினாள். நெட் வந்ததும் காதுக்குள் மெட்ராஸ்காரி விழித்துக்கொண்டாள்.

"வாட்ஸாப். ஜினிஷா அப்பா," என்றாள். பிறகு, ஒரே ஒரு சொல்.

"இண்ணைக்கும்."